தாத்தாவின் முகம் எங்கே போயிற்று? குடும்பப் படம் எடுப்பதில் உள்ள இயற்பியல்

2021ஆம் ஆண்டில் என் தாத்தா காலமானபோது, மாலை போட்டு வைப்பதற்கு அவருடைய படம் ஒன்றை வீடு முழுவதும் தேடினோம். முப்பது ஆண்டுகளுக்குமேல் தோல் பதனிடும் தொழிற்சாலையில் உழைத்த மனிதர். தனியாக ஒரு படம் எடுத்துக்கொண்டதே இல்லை. அடையாள அட்டையில் இருந்த படம் பெரிதாக்கத் தகுந்ததாக இல்லை. கடைசியில் கிடைத்தது, 2016இல் ஆம்பூரில் நடந்த ஒரு திருமணத்தில் கைபேசியால் எடுத்த குடும்பப் படம். 14 பேர் கொண்ட அந்தப் படத்தில் தாத்தா பின்வரிசையின் வலது ஓரத்தில் நிற்கிறார். அவர் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினோம். முகம் பக்கவாட்டில் இழுத்தாற்போல் அகன்றிருந்தது, இருண்டிருந்தது, கண்கள் பாதி மூடியிருந்தன. “இது அவர் இல்லையே” என்றார் பாட்டி.

பாட்டி சொன்னது சரிதான். கல்லூரியில் ஒளியியல் பாடம் நடத்தும் எனக்கு, அந்தப் படத்தில் நடந்தது என்ன என்று கண்டறியும் ஆவல் பிறந்தது. பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு குறைக்கும் பின்னால் எளிய இயற்பியல் விதி ஒன்று இருப்பது தெரிந்தது. படம் எடுத்தவரோ, விலை குறைந்த கைபேசியோ குற்றவாளி அல்ல. அந்தச் சில விதிகளை அறிந்துகொண்டால் எந்தக் கைபேசியாலும் நல்ல குடும்பப் படம் எடுக்கலாம். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தூரமே உருவத்தைத் தீர்மானிக்கிறது

ஒரு பொருள் காமிராவில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது அதன் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். தூரம் இரு மடங்கானால் பிம்பத்தின் உயரம் பாதியாகும். இது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் ஒரே முகத்திலும் மூக்கு அருகிலும் காது தொலைவிலும் இருக்கின்றன என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

மூக்கு நுனிக்கும் காதுக்கும் முன்பின்னாக உள்ள இடைவெளி சுமார் 12 செ.மீ. எனக் கொள்வோம். கைபேசியை மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால், காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கும். 42ஐ 30ஆல் வகுத்தால் 1.4. அதாவது காதுடன் ஒப்பிட மூக்கு 40 விழுக்காடு பெரிதாகிவிடும். அதே முகத்தை 150 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்தால் வேறுபாடு 8 விழுக்காடுதான். அமெரிக்காவில் போரிஸ் பாஸ்கோவர் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2018இல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 5 அடி தூரத்தில் எடுத்த படத்தைவிட 12 அங்குல தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் சுமார் 30 விழுக்காடு மிகுதியாகத் தெரிகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. கையை நீட்டித் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொண்டு, “என் மூக்கு இவ்வளவு பெரிதா?” என்று வருந்துவோர் மூக்கை நொந்து பயனில்லை. தூரத்தை மாற்ற வேண்டும்.

இனித் திருமணப் படத்துக்கு வருவோம். மண்டபத்தில் இடம் குறைவு. படம் எடுத்தவர் முன்வரிசையிலிருந்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்றார். பின்வரிசை அதற்கும் ஒரு மீட்டர் பின்னால், அதாவது இரண்டரை மீட்டரில் இருந்தது. ஆகவே முன்வரிசைத் தலைகள் பின்வரிசைத் தலைகளைவிட 1.67 மடங்கு பெரியவை. அவர் 4 மீட்டருக்குப் பின்வாங்கியிருந்தால் இந்த விகிதம் ஐந்துக்கு நான்கு, அதாவது 1.25 ஆகக் குறைந்திருக்கும். நாற்காலியில் அமர்ந்தவர்களின் முழங்கால்கள் பூதாகரமாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். முகத்தைவிட முழங்கால் அரை மீட்டர் முன்னால் இருக்கிறது அல்லவா?

பின்னால் போனால் எல்லோரும் சிறியவர்களாகிவிடுவார்களே என்று கேட்கலாம். அதற்குத்தான் கைபேசித் திரையில் 2 மடங்கு பெரிதாக்கும் பொத்தான் இருக்கிறது. அது பிம்பத்தைப் பெரிதாக்குமே தவிர, மூக்குக்கும் காதுக்கும் உள்ள விகிதத்தை மாற்றாது. அந்த விகிதத்தை மாற்றுவது நீங்கள் நிற்கும் இடம் ஒன்றே. இரண்டு எட்டு பின்வாங்குங்கள், பிறகு பெரிதாக்குங்கள். இதுவே முதல் பாடம்.

ஓரத்தில் நிற்பவர் அகன்று போவது ஏன்?

தாத்தாவின் முகம் பக்கவாட்டில் இழுபட்டதற்குக் காரணம் வேறு. கைபேசியின் முதன்மை லென்ஸ் பரந்த காட்சியைப் பார்ப்பது. படுக்கையாகப் பிடித்தால், பெரும்பாலும் சுமார் 65 முதல் 70 பாகை வரையுள்ள கோணத்தை அது தட்டையான பரப்பின்மீது பதிக்கிறது. சுவரை நோக்கிக் கைவிளக்கை நேராகப் பிடித்தால் ஒளி வட்டமாக விழுகிறது. சாய்த்துப் பிடித்தால் அதே ஒளி நீள்வட்டமாகிறது. காமிராவிலும் அப்படித்தான். நடுவிலிருந்து வரும் கதிர்கள் பரப்பின்மேல் நேராக விழுகின்றன. ஓரத்திலிருந்து வருபவை சாய்ந்து விழுகின்றன. உருண்டையான தலை அங்கே நீள்வட்டமாகிவிடுகிறது.

கணக்குப் போட்டால், படத்தின் கடைசி ஓரத்தில் இந்த நீட்சி சுமார் 20 விழுக்காடு. ஆனால் எல்லோரும் படத்தின் நடுப்பாதிக்குள் அடங்கும்படி எடுத்தால், கடைசியில் நிற்பவருக்கும் நீட்சி சுமார் 5 விழுக்காடுதான். அது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இரு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள். வேண்டாத பகுதியைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். நம் வீடுகளில் மருமகளும், வேலைக்கு உதவும் உறவுக்காரரும், ஒதுங்கி நிற்கும் முதியவரும்தான் எப்போதும் ஓரத்துக்குப் போகிறார்கள். அவர்களை நடுவுக்கு அழைப்பது மரியாதை. ஒளியியலும் அதையே சொல்கிறது.

திண்ணை என்னும் ஸ்டூடியோ

அடுத்தது ஒளி. திருமணப் படம் கைபேசியின் சிறு விளக்கு மின்னி எடுத்தது. ஒரு சிறு விளக்கின் ஒளிச்செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பது எதிர்த்தகவு இருமடி விதி. ஒன்றரை மீட்டரில் உள்ள முன்வரிசைக்குக் கிடைத்த ஒளியில் இரண்டரை மீட்டரில் நின்ற தாத்தாவுக்குக் கிடைத்தது 36 விழுக்காடே. முன்னால் இருப்பவர் வெளுத்துப்போவதும் பின்னால் நிற்பவர் இருளில் மூழ்குவதும் இதனால்தான்.

விளக்கு வேண்டாம், வெயில் போதும் என்று நண்பகலில் எடுப்பதும் தவறு. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர்க் கோட்டைக்குப் போனால் உச்சி வெயிலில் குடும்பங்கள் படம் எடுத்துக்கொள்வதைக் காணலாம். வேலூர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். புருவத்தின் நிழல் கண்குழிகளை நிரப்பிவிடும். மூக்கின் நிழல் உதட்டில் விழும். மேலும் சூரியன் வானத்தில் அரைப்பாகை அகலமே உடைய சிறிய ஒளிமூலம். எனவே நிழல்களின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கும். மரத்தடிக்குப் போனாலும் முகங்களில் வட்டவட்டமாக வெயில் புள்ளிகள் விழும். இலை இடுக்குகள் ஊசித்துளைக் காமிராக்களாக வேலை செய்து சூரியனின் பிம்பங்களை நம் முகத்தில் பதிக்கின்றன!

ஒளிமூலம் எவ்வளவு அகலமோ அவ்வளவு மென்மையாக நிழல் அமையும். அகலமான மூலம் வேண்டுமென்றால் வானத்தைவிட அகலமானது எது? நம் பழைய வீடுகளின் திண்ணையைப் பாருங்கள். கூரை, உச்சி வெயிலைத் தடுக்கிறது. எதிரே திறந்த வானம் பரந்த ஒளியைத் தருகிறது. மின்விளக்கு பரவாத காலத்து ஸ்டூடியோக்கள் கண்ணாடிக் கூரையும் பெரிய சன்னலும் வைத்துக் கட்டப்பட்டது இந்த ஒளிக்காகவே. திண்ணையின் விளிம்பருகே, வெயில் படாமல், முகம் வெளிப்புறம் நோக்க உட்காரவைத்தால் போதும். திண்ணை இல்லாத வீட்டில் சன்னல் அருகே, அல்லது திறந்த வாசற்கதவுக்குள்ளே ஒரு மீட்டர் தள்ளி நிற்கவைக்கலாம். ஒரு கன்னம் மிக இருண்டிருந்தால் அந்தப் பக்கம் ஒருவரை வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அதில் பட்டுத் திரும்பும் ஒளி இருளைப் போக்கும்.

ஒளி வரும் திசையிலும் ஒரு நுட்பம் உண்டு. எங்கள் பகுதியில் தோலைத் தரம் பிரிப்பவர், அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். பக்கவாட்டில் ஒளி தடவிச் செல்லும்போது சிறு கீறலும் மேடுபள்ளமும் நிழல் காட்டித் தம்மை வெளிப்படுத்திக்கொள்ளும். முகத்துக்கும் இதே விதிதான். நேர் எதிரிலிருந்து வரும் ஒளி சுருக்கங்களை மறைத்து முகத்தைத் தட்டையாக்கும். ஒளி முழுவதும் பக்கத்திலிருந்து வந்தால் ஒவ்வொரு சுருக்கத்தையும் எடுத்துக்காட்டும். இரண்டுக்கும் நடுவே, 45 பாகை அளவில் சாய்ந்து வரும் ஒளி முகத்துக்கு உருட்சி தருகிறது.

“கறுப்பாக விழுகிறது” என்பது யார் குற்றம்?

தாத்தாவின் பின்னால் பளபளக்கும் வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். அவர் அணிந்திருந்ததும் வெள்ளைச் சட்டை. காமிராவுக்குத் தன் எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று தெரியாது. அது உள்ளே வரும் ஒளியை அளந்து, சராசரிக் காட்சி விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறமுடையது என்ற அனுமானத்தில் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது. வெள்ளைத் திரையைக் கண்டதும் “ஒளி மிகுதி” என்று எண்ணிக் குறைத்துவிடுகிறது. திரை சாம்பலாகிறது, முகம் கரியாகிறது. இன்றைய கைபேசிகள் முகத்தைக் கண்டறிந்து ஓரளவு திருத்திக்கொண்டாலும், ஓரத்தில் உள்ள சிறிய முகம் இந்தச் சலுகையைப் பெறுவதில்லை. திரையில் முகத்தின்மேல் விரலால் தொட்டு, தோன்றும் ஒளிக்குறியைச் சற்றே மேலே தள்ளினால் குறை தீரும். பின்னணிக்கு வெள்ளைச் சுவரைவிட மரக்கதவோ பூசாத செங்கல் சுவரோ நல்லது.

இதில் ஒரு வரலாறும் உண்டு. வண்ண பிலிமைக் கழுவி அச்சிடும் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க, கோடாக் நிறுவனம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் அச்சிட்ட அட்டையை வழங்கிவந்தது. முதலில் அதில் இடம் பெற்ற பெண்ணின் பெயரால் அது ஷெர்லி அட்டை எனப்பட்டது. வெளிர்நிறத் தோல் சரியாக அமைந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. பழுப்பு நிறங்களை பிலிம் சரியாகக் காட்டவில்லை என்ற குறையைத் திருத்த நிறுவனம் முனைந்தது எதனால் தெரியுமா? கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் வெளியிட்ட கட்டுரை இதை விளக்குகிறது. சாக்லேட் தயாரிப்பவர்களும் மரச்சாமான் தயாரிப்பவர்களும், தங்கள் பொருள்களின் பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் தெரியவில்லை என்று முறையிட்டதே அதற்குத் தூண்டுதலாயிற்று! மனித முகங்களுக்காக அல்ல.

ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் வாழ்பவர்களுக்குப் பழுப்பு என்பது ஒரே நிறம் அல்ல என்று சொல்லத் தேவையில்லை. ஷூ கம்பெனியில் இடது காலுக்கும் வலது காலுக்கும் பழுப்பு சற்றே மாறுபட்டாலும் அந்த ஜோடி தேறாது. தோலின் நிறத்தை அவ்வளவு நுட்பமாகப் பார்க்கும் நாம், நம் முகத்தின் நிறத்தை மட்டும் கைபேசி தானாக வெளுக்கவைப்பதை ஏன் ஏற்க வேண்டும்? 2021இல் கூகுள் நிறுவனம் பலவகைத் தோல் நிறங்களையும் உள்ளபடி காட்டும் முயற்சியைத் தன் கைபேசியில் தொடங்கியது. அது விலை உயர்ந்த கருவி. ஆனால் நம் கையில் உள்ள கருவியிலேயே, முகத்தை அழகாக்கும் வசதியை அணைத்துவிடலாம். அது நிறத்தை மட்டும் மாற்றுவதில்லை; மச்சம், தழும்பு, நெற்றிக்கோடு முதலிய அடையாளங்களையும் துடைத்துவிடுகிறது.

விறைப்பு எங்கிருந்து வந்தது?

1839இல் புகைப்படக்கலை அறிமுகமானபோது ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. அசையாமலிருக்கத் தலைக்குப் பின்னால் இரும்புப் பிடி வைத்தார்கள். 1840இல் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் கணக்கிட்டு வடிவமைத்த லென்ஸ், முன்னையவற்றைவிடப் பல மடங்கு ஒளியை உள்ளே விட்டது; காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் விறைத்து நிற்பது மரியாதையின் அடையாளமாக நிலைத்துவிட்டது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவுடன், தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக் குடும்பப் படங்களைத் தேடி எண்ம வடிவில் பாதுகாத்தது. நம் வீடுகளில் உள்ள பழைய படங்களைப் பார்த்தாலும் தெரியும்: வரைந்த திரைச்சீலை, பூச்சாடி, நாற்காலியில் பெரியவர், தோளில் கை படாமல் அருகே நிற்கும் மனைவி. அந்த நேர்த்தியில் ஓர் அழகு உண்டு. ஒவ்வொரு முகமும் கவனிக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். அந்தக் கவனத்தை வைத்துக்கொண்டு விறைப்பை மட்டும் நீக்கலாம்.

உட்காரவைக்கும்போது, நாற்காலியைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிப் போடுங்கள். முழங்கால் காமிராவை நோக்கி நீளாது. முகம் மட்டும் காமிராவைப் பார்க்கட்டும். தலைகள் ஒரே கோட்டில் வரிசையாக நிற்காமல் உயரம் மாறி மாறி அமையட்டும். ஒருவர் அமர, ஒருவர் நாற்காலியின் கையில் சாய, பிள்ளைகள் கீழே உட்காரலாம். கைகளுக்கு வேலை கொடுங்கள்: பேரன் தோளிலோ மடியிலோ கை இருந்தால் தயக்கம் போகும். படம் எடுப்பவர், எடுக்கப்படுபவரின் கண்மட்டத்துக்கு வர வேண்டும். குழந்தையென்றால் மண்டியிட வேண்டியதுதான். மூக்குக்கண்ணாடியில் ஒளி பளிச்சிட்டால், கண்ணாடியின் காதுப்பக்கக் கம்பியைச் சற்று உயர்த்துங்கள். ஆடி 5 பாகை சாய்ந்தால் எதிரொளிக்கும் கதிர் 10 பாகை திரும்பும் என்பது பள்ளிப் பாடம்.

தலையின்மேல் சுவர்க் கடிகாரம் முளைத்திருப்பது பலர் செய்யும் பிழை. எடுக்கும்போது அது தெரிவதில்லை. நம் இரு கண்களும் சுமார் 6.5 செ.மீ. இடைவெளியில் இருப்பதால் மூளை ஆழத்தை உணர்ந்து கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. காமிராவுக்கு ஒரே கண். ஆகவே எடுப்பதற்குமுன் நீங்களும் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். கடிகாரம், நாட்காட்டி, மின்கம்பம் எல்லாம் தலையில் வந்து உட்காருவது உடனே தெரியும்.

இமைக்கும் நேரம்

கடைசியாக, தாத்தாவின் மூடிய கண்கள். ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் பார்ன்ஸ், நிக் ஸ்வென்சன் இருவரும் இந்தச் சிக்கலை ஆராய்ந்தார்கள். சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக்-நோபல் பரிசை 2006இல் கணிதத்துக்காகப் பெற்றார்கள். ஒருவர் நிமிடத்துக்கு 10 முறை, ஒவ்வொரு முறையும் கால் வினாடி இமைப்பதாகக் கொள்வோம். 60 வினாடியில் இரண்டரை வினாடி கண் மூடியிருக்கிறது. அதாவது 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஒருவருக்கு இது சிறிது. 14 பேரும் ஒரே கணத்தில் கண் திறந்திருக்கும் வாய்ப்போ 55 விழுக்காடுதான். ஒரே ஒரு படம் எடுப்பது ஏறக்குறைய நாணயம் சுண்டுவதுபோல! அவர்கள் சொன்ன எளிய விதி: 20 பேருக்குக் குறைவான கூட்டத்தில், நல்ல வெளிச்சமென்றால் ஆள் எண்ணிக்கையை 3ஆல் வகுத்து அத்தனை படங்கள் எடுங்கள், வெளிச்சம் குறைவென்றால் 2ஆல் வகுங்கள். 14 பேருக்கு 5 படங்கள் போதும்.

சிரிக்கச் சொல்வதைப்பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862இல் வெளியிட்ட நூலில், உண்மைச் சிரிப்பில் வாயோரத் தசையுடன் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்குகிறது, பின்னது நம் ஆணைக்கு எளிதில் கட்டுப்படாது என்று காட்டினார். ஆகவே “சிரியுங்கள்” என்றால் வாய் மட்டும் சிரிக்கும். அதைவிட, அவருக்குப் பிடித்த எதையாவது கேட்டுப் பேச்சுக் கொடுப்பது மேல்.

சென்ற ஆண்டு ஒரு காலை 8 மணிக்கு, பாட்டியைத் திண்ணையில் உட்காரவைத்தேன். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் அழைப்போம். இரண்டு மீட்டர் தள்ளிக் கீழே அமர்ந்து, 2 மடங்கு பெரிதாக்கி, “ஆயா, தாத்தா முதல்மாதச் சம்பளத்தில் என்ன வாங்கிக்கொண்டு வந்தார்?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது பத்துப் படங்கள் எடுத்தேன். அவற்றில் ஒன்றைத் தாளில் அச்சிட்டு, பின்புறம் பெயரும் தேதியும் எழுதி அவரிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது நான்தான்” என்றார்.

உங்கள் வீட்டிலும் தனிப் படம் இல்லாத ஒருவர் இருப்பார். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுமுன், அவரைத் திண்ணைக்கு அழையுங்கள். பிறகு நீங்கள் இரண்டு எட்டு பின்வாங்குங்கள்.